ஓராசிரியர் பள்ளிகளை மூடும் முன் அயோவாவின் கதையையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் குறைந்துபோன தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கடிதங்களை விடாமல் படித்துவருகிறேன். அதில் ஒரு வாசகர், "அமெரிக்காவிலேயே ஓராசிரியர் பள்ளிகளை எப்போதோ மூடிவிட்டார்கள், நாம் மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?" என்று கேட்டிருந்தார். மூடினார்கள் என்பது சரிதான். எப்படி மூடினார்கள், அதற்கு எவ்வளவு காலம் ஆனது, மூடுவதற்கு முன் என்னென்ன செய்தார்கள் என்பதையும் அவர் அறிந்துகொண்டு பேசினால் நல்லது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஓராசிரியர் பள்ளியில் வேலையைத் தொடங்கி, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். இப்போது மகள் குடும்பத்தோடு அயோவா மாநிலத்தில் இருக்கிறேன். ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே அதிகமான ஓரறைப் பள்ளிகள் இருந்தது இந்த மாநிலத்தில்தான். 1900 வாக்கில் 12,000க்கும் மேல். இங்கே வந்த நாளிலிருந்து அந்தப் பள்ளிகளைப் பற்றிக் கேட்பதும் படிப்பதும் போய்ப் பார்ப்பதும்தான் எனக்கு வேலை.

இந்தப் பள்ளிகளின் கதை பள்ளிக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, நிலத்தை அளந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. 1785இல் இந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு நிலச் சட்டம் போட்டது. மேற்கே கிடந்த நிலத்தையெல்லாம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக அளக்க வேண்டும். அந்தச் சதுரத்துக்குப் பெயர் டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 மனைகள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் 16ஆம் எண் மனை அந்த டவுன்ஷிப்பின் பள்ளிக்கூடச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கேயே பள்ளியைக் கட்ட வேண்டும் என்றில்லை. அந்த நிலத்தை விற்றோ குத்தகைக்கு விட்டோ வரும் பணம் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த மண் ஏற்கெனவே பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண் என்பதையும், அவர்களை அகற்றித்தான் அளவைச் சங்கிலியை இழுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஊர் உருவாகும் முன்பே அந்த ஊரின் பள்ளிக்குச் சொத்து எழுதிவைத்த அந்த ஏற்பாடு என்னை யோசிக்க வைக்கிறது.

அயோவாவில் குடியேறிய விவசாயிகள் ஒரு டவுன்ஷிப்பை நான்கு நான்கு மனைகளாகப் பிரித்தார்கள். நான்கு மனைக்கு ஒரு பள்ளி. ஆக, ஒரு டவுன்ஷிப்புக்கு ஒன்பது பள்ளிகள், கோலப்புள்ளி வைத்த மாதிரி இரண்டு இரண்டு மைல் இடைவெளியில். எந்தப் பிள்ளையும் இரண்டு மைலுக்கு மேல் நடக்க வேண்டியிராது என்பது கணக்கு. ஒவ்வொரு பள்ளிக்கும் சுற்றுவட்டாரத்து விவசாயிகளே தங்களில் ஒருவரை நிர்வாகியாகத் தேர்ந்தெடுப்பார்கள். டீச்சரை வேலைக்கு எடுப்பது, குளிருக்கு நிலக்கரி வாங்கிப் போடுவது, கூரை ஒழுகினால் சரிசெய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்த பண்ணைக்காரர் வந்து கேள்வி கேட்பார் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

டீச்சர் பெரும்பாலும் கல்யாணமாகாத இளம்பெண். எட்டாம் வகுப்போ அதற்குச் சற்று மேலோ படித்துவிட்டு, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நடத்தும் தேர்வில் தேறி, பதினெட்டு வயதுகூட நிரம்பாமல் வேலைக்கு வந்தவர்கள் நிறைய. கல்யாணமானால் வேலை போய்விடும் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. மாணவர் வீடுகளில் மாறி மாறித் தங்குவார்கள். விடிந்ததும் பனியில் நடந்துபோய், அடுப்பு மூட்டி, பிள்ளைகள் வருவதற்குள் அறையைச் சூடாக்க வேண்டும். கூட்டுவதும் அவர், கிணற்றுத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து வைப்பதும் அவர். வாளியில் ஒரே ஒரு அகப்பை. எல்லாரும் அதிலேயே குடிப்பார்கள். அந்தப் பொதுக் குவளையால் நோய் பரவுகிறதென்று 1909இல் கான்சஸ் மாநிலம் அதைத் தடைசெய்தது.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். எட்டாம் வகுப்பு வரை அப்படி ஒரு பள்ளியில் படித்தவர். நானும் ஓரறையில் பாடம் நடத்தியவள் என்று தெரிந்த நாளிலிருந்து எங்களுக்குப் பேச்சு ஓயவில்லை. அவர் சொன்னதில் மதியச் சாப்பாடுதான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் சூப்போ, பீன்ஸோ, அவித்த மாமிசமோ கொண்டுவரும். மூடியில் பெயர் எழுதியிருக்கும். பதினோரு மணி வாக்கில் டீச்சர் பாடம் நடத்திக்கொண்டே எழுந்துபோய், அடுப்பின் மேல் தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்தில் அந்தப் புட்டிகளை வரிசையாக நிறுத்திவிடுவார். பன்னிரண்டு மணிக்கு எல்லாருக்கும் சுடச்சுடச் சாப்பாடு. "கணக்குப் பாடத்தின் நடுவே யார் வீட்டில் என்ன சமையல் என்று வாசனையிலேயே தெரிந்துவிடும்" என்றார். வெறும் ரொட்டி மட்டும் கொண்டுவருகிற பிள்ளைக்கு டீச்சர் தன் புட்டியிலிருந்து ஊற்றிக்கொடுப்பாராம். சத்துணவு வருவதற்கு முன் நம் பள்ளிகளில் மதியம் மணி அடித்ததும் சில பிள்ளைகள் குழாயடிக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பாடம் நடத்தும் முறையைக் கேட்டபோது நான் அசந்துபோனேன். முன்னால் ஒரு நீளப் பெஞ்சு. ஒவ்வொரு வகுப்பாகக் கூப்பிட்டு அந்தப் பெஞ்சில் உட்காரவைத்து, பத்து நிமிடம் ஒப்பிக்கச் சொல்லி, புதுப் பாடம் கொடுத்து அனுப்புவார்கள். மற்றவர்கள் அவரவர் இடத்தில் எழுத்து வேலை பார்ப்பார்கள். என் பள்ளியிலும் அதேதான். ஒன்றாம் வகுப்பு மணலில் எழுதும், இரண்டாம் வகுப்பு சிலேட்டில் வாய்ப்பாடு, மூன்றாம் வகுப்பைச் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான், நான் நான்கையும் ஐந்தையும் கரும்பலகைக்கு முன்னால் வைத்துக்கொள்வேன். ஐந்தாம் வகுப்புக்கு நடத்தும் பாடத்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளை காதில் வாங்கிக்கொண்டே வளரும். தான் ஐந்துக்கு வரும்போது பாதிப் பாடம் அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அந்த அமெரிக்க அம்மாவும் தன் அண்ணன் படித்த பூகோளத்தைக் கேட்டே கற்றதாகச் சொன்னார். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று இது.

பேஜ் கவுண்டியில் கோல்டன்ராட் என்றொரு பள்ளி. ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற இளம் ஆசிரியை 1901இல் அங்கே பையன்களுக்கு மக்காச்சோளச் சங்கமும், பெண்பிள்ளைகளுக்கு வீட்டுக் கலைச் சங்கமும் தொடங்கினார். நல்ல கதிர் எது, விதைக்கு எதை ஒதுக்குவது என்பதெல்லாம் அங்கே பாடமானது. பின்னாளில் நாடு முழுவதும் பரவிய ஃபோர்-எச் என்ற இளைஞர் இயக்கத்துக்கு வித்திட்டவர்களில் அவரும் ஒருவர். இன்று அதில் சுமார் 60 லட்சம் பிள்ளைகள். அந்தப் பள்ளிக் கட்டடத்தை கிளாரிண்டா ஊரின் அருங்காட்சியகத்தில் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எல்லா ஓரறைப் பள்ளியும் இப்படி நிறைவாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1888 ஜனவரி 12 அன்று காலை வெயில் இதமாக இருந்ததால் பிள்ளைகள் கனத்த உடுப்பில்லாமல் பள்ளிக்கு வந்தார்கள். பகலில் திடீரென்று பனிப்புயல் அடித்தது. நெப்ராஸ்கா, டகோட்டா பகுதிகளில் சுமார் 235 பேர் இறந்ததாகக் கணக்கு. பள்ளிவிட்டு வீட்டுக்கு நடந்த பிள்ளைகள் அவர்களில் ஏராளம். கூரை பிய்த்துக்கொண்டு போன பள்ளியிலிருந்து மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை தன் பிள்ளைகளையெல்லாம் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஓராசிரியர் பள்ளியில் ஆபத்து வந்தால் யோசனை கேட்கக்கூட இன்னொரு ஆள் கிடையாது. ஐப்பசி மழையில் காட்டோடை புரண்டு வரும் நாளில் பிள்ளைகளை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று தனியாக முடிவெடுத்தவள் என்பதால் அந்தப் பெண்ணின் நெஞ்சுத் துணிச்சல் எனக்குப் புரிகிறது.

தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிகளின் கதை இன்னும் கொடுமை. வரிப்பணம் வெள்ளையர் பள்ளிக்குப் போனது. இவர்களுக்கு இடிந்த கட்டடமோ தேவாலயத்தின் ஓரமோ கிடைத்தது. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டும் 1912இலிருந்து சேர்ந்து முயன்றதில், 1932க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்டு முழுப் பணமும் தரவில்லை. அந்த ஏழை மக்களும் தங்கள் பங்காகப் பணமும் நிலமும் உழைப்பும் போட்டார்கள். பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்பது நம் நாட்டில் என்ன பாடுபடுத்தும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. காலனியில் இருக்கும் பள்ளியை மூடி ஊருக்குள் இருக்கும் பள்ளியோடு இணைக்கும் கோப்பில் 'தூரம் 700 மீட்டர்' என்று மட்டும் எழுதினால் போதாது, ஆசிரியர் அவர்களே.

மொழி விஷயம் ஒன்றையும் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போரையொட்டி இங்கே ஜெர்மன் மொழி மீது பகை மூண்டது. 1918இல் அயோவா ஆளுநர் பள்ளிகளிலும், பொது இடங்களிலும், தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாதென்று ஆணை போட்டார். பக்கத்து மாநிலம் நெப்ராஸ்கா 1919இல், எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு அயல்மொழி கற்பிப்பது குற்றம் என்று சட்டமே இயற்றியது. அங்கே ஹாம்ப்டன் ஊரில் லூத்தரன் என்ற கிறித்தவச் சபையின் ஓரறைப் பள்ளி ஒன்றில் ராபர்ட் மேயர் என்பவர் ஆசிரியர். 1920 மே மாதம் அரசு வழக்கறிஞர் பள்ளிக்குள் நுழைந்தபோது பத்து வயதுப் பையன் ஒருவன் ஜெர்மன் வாசித்துக்கொண்டிருந்தான். மேயருக்கு 25 டாலர் அபராதம். அவர் கட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923இல் அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பானது. தாய்மொழி உரிமைக்காக ஓர் ஓரறைப் பள்ளி வாத்தியார் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றிருக்கிறார்.

இனி, மூடிய கதை. இணைப்பு வேண்டுமென்று சொன்னவர்கள் முட்டாள்கள் அல்லர். பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்தன. பல பள்ளிகளில் பத்துப் பிள்ளைகூட இல்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போக வழி வேண்டும், வகுப்புக்கு ஒரு டீச்சர் வேண்டும் என்று பெற்றோரே கேட்டார்கள். ஆனால் 1890களிலேயே பஃபலோ சென்டர் பகுதியில் தொடங்கிய இணைப்பு, மாநிலம் முழுவதும் முடிய 1960களின் நடுப்பகுதி ஆனது. எழுபது ஆண்டு! காரணம் சாலை. அயோவாவின் மண் நம் கரிசலுக்குச் சளைத்ததல்ல. மழை பெய்தால் குதிரை வண்டி அச்சு வரை புதையும். குதிரை வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன முதல் கால இணைப்புப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு மற்ற விவசாயிகள் பின்வாங்கினார்கள். சாலை சரியாகி, மோட்டார் பேருந்து பண்ணை வாசலுக்கு வர முடிந்த பிறகுதான் வேகம் பிடித்தது. அதற்கும் ஊருக்கு ஊர் வாக்கெடுப்பு நடந்தது. தோற்ற வாக்கெடுப்புகளும் உண்டு. நாடு முழுமைக்குமான கணக்கும் இதையே சொல்கிறது. 1930 வாக்கில் ஓராசிரியர் பள்ளிகள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு; 1950இல் ஏறத்தாழ 60,000; 1960இல் சுமார் 20,000; 1970இல் 2,000க்கும் கீழே.

அவசரப்பட்ட இடத்தில் என்ன ஆனது என்பதற்கும் அயோவாவிலேயே சாட்சி இருக்கிறது. 1965 நவம்பரில் ஹேசல்டன் ஊருக்குப் பக்கத்தில், ஆமிஷ் என்ற எளிய வாழ்வு வாழும் விவசாயச் சமூகத்தின் ஓரறைப் பள்ளிக்கு அதிகாரிகள் பேருந்தோடு போனார்கள். பிள்ளைகளை ஏற்றி நகரப் பள்ளிக்குக் கொண்டுபோவது திட்டம். பிள்ளைகள் வேலியைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். அந்த ஓட்டத்தை ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். படம் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. ஆளுநர் ஹெரால்டு ஹியூஸ் தலையிட்டு நடவடிக்கையை நிறுத்தினார். 1967இல் மாநிலச் சட்டமன்றம் அவர்களுக்கு விலக்கு அளித்தது. இன்றும் ஆமிஷ் மக்கள் தங்கள் ஓரறைப் பள்ளிகளை நடத்துகிறார்கள். அவர்கள் மட்டுமல்ல, ஊருக்கும் ஊருக்கும் வெகுதூரமான மாண்டனா மாநிலத்தில் அரசுப் பணத்திலேயே இன்னும் பல ஓரறைப் பள்ளிகள் நடக்கின்றன. தங்கள் வாசகர் சொன்ன 'எப்போதோ மூடிவிட்டார்கள்' என்பதற்கு இதுவும் பதில்.

மூடிய பள்ளிகளில் பலவற்றை விவசாயிகள் ஏலத்தில் எடுத்துத் தானியக் கொட்டகையும் பன்றிக் கொட்டகையும் ஆக்கினார்கள். ஆனால் கணிசமானவை தப்பின. ஹெர்பர்ட் ஹூவர் அதிபர் பிறந்த வெஸ்ட் பிரான்ச் ஊர் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே 1853இல் கட்டிய பள்ளிக்கூடத்தைத் தேசிய நினைவிடத்தின் ஒரு பகுதியாகப் பராமரிக்கிறார்கள். வேறு பல ஊர்களில், கட்டடமே இல்லாமல் போன இடத்திலும் இங்கே இன்ன பள்ளி இருந்தது என்று கல் நட்டிருக்கிறார்கள். பழைய வருகைப் பதிவேடுகளை உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களில் வைத்திருக்கிறார்கள். தெருக்கோடி அம்மா தன் பெயரைத் தன் டீச்சரின் கையெழுத்தில் எனக்குக் காட்டினார்.

ஓராசிரியர் பள்ளிதான் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. அதை நடத்தியவள் அப்படிச் சொல்ல மாட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்குப் பூட்டு. சம்பள நாளில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் பூட்டு. பருத்தி எடுப்புக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் காட்டில். 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்து, பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அதில் ஒருவராவது பெண் என்று சொன்னபோது நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், சின்னஞ்சிறு ஊர்களிலும் திறந்த பள்ளிகள்தான் எங்கள் தலைமுறையைப் படிக்கவைத்தன. அவற்றில் சிலவற்றுக்கு இன்று பிள்ளைகள் இல்லை என்பதையும் மறுக்கவில்லை.

ஆகவே அரசுக்கு நான் கேட்பது இவைதான். ஒரு பள்ளியை இணைப்பதற்கு முன் அந்த ஊர்ப் பெற்றோரைக் கூட்டி, அவர்கள் வாயால் சம்மதம் கேளுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 1 கிலோமீட்டரை வரைபடத்தில் அளக்காமல், ஐப்பசி மாதத்தில் ஓர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு நடந்து அளந்துபாருங்கள். நடுவில் ஓடையோ நெடுஞ்சாலையோ இருந்தால் வண்டி வந்த பிறகு பூட்டுப் போடுங்கள். பூட்டும் நாளில் சேர்க்கைப் பதிவேட்டையும் ஆய்வுக் குறிப்பேட்டையும் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல் மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒரு குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கு வந்தவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது, தகப்பனாரின் கைநாட்டோடு.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஓராசிரியர் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்கள் பலர் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். மாவட்டம் மாவட்டமாக அவர்களிடம் கேட்டு, பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, யார் நிலம் கொடுத்தது, கூரைக் கொட்டகை எப்போது ஓட்டுக் கட்டடமானது, முதல் ஆசிரியர் யார் என்று வாரம் ஒரு பள்ளியாக வெளியிடுங்கள். நான் முதலில் பணியாற்றிய பள்ளியைப் பற்றி நினைவில் உள்ளதையெல்லாம் எழுதத் தொடங்கிவிட்டேன். முகவரி தெரிவித்தால் இம்மாதமே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
அயோவா சிட்டி, அமெரிக்கா.